காரம் தட்டில் இருக்கட்டும், சட்டியில் வேண்டாம்

வீட்டில் கொரியச் சமையல் பண்ணப் போகிறேன் என்று யார் சொன்னாலும், அவர்கள் மனசில் இருப்பது பெரும்பாலும் மூன்றே ஐட்டம். பாத்திரத்தின் மூடியில் எடுத்து வைத்து ஊதி ஊதிச் சாப்பிடுகிற ராம்யன், சிவப்பாகக் கொதிக்கிற தொக்பொக்கி, பொரித்த கோழி. மூன்றும் நாடகத்தில் பார்த்தவை. நாயகி ராத்திரி அழுதுகொண்டே சாப்பிடுவாள், நாயகன் ஆபீஸ் முடிந்து தெருக்கடையில் உட்கார்ந்து சாப்பிடுவான். ருசியான சமாச்சாரங்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் பஜ்ஜியையும் பரோட்டா சால்னாவையும் மட்டும் பார்த்துவிட்டு ஒருவர் தமிழ்நாட்டு வீட்டுச் சாப்பாட்டைச் சமைக்கக் கிளம்பினால் எப்படியிருக்கும்? பிள்ளைகள் கொண்டாடுவார்கள். பெரியவர்கள் ஓரமாக உட்கார்ந்து தயிர்சாதம் பிசைந்துகொண்டிருப்பார்கள்.

எங்கள் வீட்டு நிலவரத்தைச் சொன்னால் என் சிக்கல் புரியும். அம்மாவுக்கு வயிற்றுப் புண், காரம் ஆகாது. சனிக்கிழமையும் புரட்டாசி மாசமும் கவுச்சி கிடையாது. புரட்டாசிச் சனி என்றால் வெங்காயம் பூண்டும் சேர்த்துக் கிடையாது. மனைவிக்கு உறைப்பு தூக்கலாக இல்லாவிட்டால் சோறு இறங்காது. மகள் காலேஜ் படிக்கிறாள், குடியிருப்பது கொரிய நாடகத்தில். சமைக்கிறவன் நான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்று ஆரம்பித்தது, இப்போது வாரத்தில் ரெண்டு மூன்று நாள் அடுப்படி என் பொறுப்பு. அதற்காக ஆளுக்கொரு சமையல் செய்ய இது ஒன்றும் ஹோட்டல் இல்லையே.

வழி கிடைத்தது நாடகத்தில் இல்லை, கேன்டீனில். நான் இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் வேலை பார்த்தவன். ஹூண்டாய் 1996-ல் இங்கே கம்பெனி தொடங்கி, 1998-ல் சாண்ட்ரோவை வெளியே விட்ட பிறகு, அதற்குப் பாகம் செய்துகொடுக்கும் கொரியக் கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வந்து இறங்கின. கூடவே கொரிய இன்ஜினியர்கள் வந்தார்கள். அவர்களுக்கு மத்தியானச் சாப்பாடு வேண்டுமே. எங்கள் கேன்டீனில் ஒரு பக்கம் சாம்பார் அண்டா, இன்னொரு பக்கம் கொரிய அடுப்பு. அந்த அடுப்பில் நின்றது ஒரு மணிப்பூர்ப் பையன். கொரியா எந்தத் திசை என்று கேட்டால் சிரிப்பான். ஆனால் கிம்ச்சியை முகர்ந்து பார்த்தே எத்தனை நாளானது என்று சொல்லிவிடுவான். தெரிந்ததை ஒளிக்காமல் சொல்லிக்கொடுக்கிற மனசு. இந்தப் பதிவில் இருப்பதில் பாதி அவன் சொன்னது.

அந்தக் கொரியத் தட்டைப் பார்த்தாலே விஷயம் விளங்கிவிடும். குழிவைத்த எவர்சில்வர் தட்டு. இடது கைப்பக்கம் சோறு, வலது பக்கம் தெளிவான சூப், மேல் வரிசைக் குழிகளில் தொட்டுக்க மூன்று: கீரை, முளைப்பயறு, முள்ளங்கி மாதிரி ஏதாவது. ஒரு துண்டு மீன், இல்லையென்றால் சுருட்டிப் பொரித்த முட்டை. கிம்ச்சி மட்டும் தினம் உண்டு. எல்லாம் ஒரே நேரத்தில் எதிரே வந்துவிடும்; முதலில் இது, பிறகு அது என்ற வரிசை இல்லை. சோறு நடுநாயகம், மற்றதெல்லாம் அதைச் சாப்பிடவைக்க வந்தவை. சோறு, ரசம், ரெண்டு பொரியல், ஊறுகாய் என்று வளர்ந்தவனுக்கு இதில் புதுசாகப் பழக என்ன இருக்கிறது?

அந்தத் தட்டில் முக்கால்வாசி காரமே இல்லாதது. சிவப்பாக இருந்தது கிம்ச்சியும், சில நாள் ஒரு குழம்பும்தான். காரம் வேண்டியவர் மேஜையில் இருந்த கொச்சுஜாங் என்கிற மிளகாய் விழுது டப்பாவிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டார். இதை நான் வீட்டில் சட்டமாகவே வைத்துவிட்டேன். சட்டியில் காரம் போடுவதில்லை. அது தட்டில் அவரவர் இஷ்டம். கொச்சுஜாங்கோடு வறுத்த எள்ளெண்ணெய், துளி சர்க்கரை, துளி வினிகர், கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து ஒரு கிண்ணத்தில் வைத்துவிட்டால், மனைவி ரெண்டு கரண்டி எடுப்பாள், மகள் ஒன்று, அம்மா அந்தக் கிண்ணம் இருக்கிற பக்கமே திரும்ப மாட்டார். சமையல் ஒன்றுதான்.

முதலில் சோறு. கொரியர்கள் சாப்பிடுவது குட்டையான, குண்டான அரிசி. வெந்தால் ஒன்றோடொன்று ஒட்டும். சென்னையில் கிடைக்கிறது. ஆனால் அந்த விலைக்கு வாரத்தில் மூன்று நாள் வாங்கினால் குடும்பம் தாங்காது. விசேஷத்துக்கு மட்டும் வாங்குவேன். மற்ற நாளில் நான் செய்வது இதுதான்: புதுப் பச்சரிசி, அதோடு ஒரு கைப்பிடி கவுனி அரிசி. கவுனியை முந்தின ராத்திரியே ஊறப்போட வேண்டும். ஊறிய தண்ணீரைக் கொட்டாமல் அதையே சேர்த்துக் குக்கரில் கொஞ்சம் குழைய வைத்தால், கத்தரிப்பூ நிறத்தில், லேசாக ஒட்டுகிற சோறு வரும். ஒப்பேற்றுகிற வேலை என்று நினைக்காதீர்கள். வெள்ளை அரிசியோடு கறுப்பரிசி கலந்து வைப்பது கொரிய வீடுகளில் சர்வசாதாரணம். நம் கவுனியும் ஒட்டுகிற சாதிதான். செட்டிநாட்டுக்காரர்கள் பர்மாவில் தொழில் செய்த காலத்தில் அங்கிருந்து கொண்டுவந்தது. கல்யாண வீட்டுக் கவுனியரிசி இனிப்பாக மட்டுமே அதைப் பார்த்திருந்த அம்மாவுக்கு, உப்புச் சாப்பாட்டில் அது வந்தது முதலில் பிடிக்கவில்லை. "இதுல தேங்காயும் சக்கரையும் போட்டிருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றார். ஆனாலும் சாப்பிட்டார்.

அடுத்தது எண்ணெய். இதை விட்டுவிட்டு வேறு எதைச் சரியாகச் செய்தாலும் கொரிய வாசம் வராது. கொரியர்களும் எள்ளெண்ணெய்தானே ஊற்றுகிறார்கள், நம் நல்லெண்ணெயை ஊற்றினால் போயிற்று என்று தோன்றும். ரெண்டும் எள்தான், ஆனால் வேறு வேறு எண்ணெய். நாம் எள்ளை வறுக்காமல், கருப்பட்டியோ வெல்லமோ போட்டுச் செக்கில் ஆட்டுகிறோம். அவர்கள் எள்ளை நன்றாக வறுத்து, அப்புறம் பிழிகிறார்கள். அதனால்தான் அது காப்பி நிறத்தில் இருக்கிறது, மூடியைத் திறந்தால் பக்கத்து அறைக்கு வாசம் போகிறது. தாளிக்கவோ பொரிக்கவோ அதை எடுக்கக் கூடாது. அடுப்பை அணைத்த பிறகு மேலே ஒரு ஸ்பூன், அவ்வளவுதான். கடைக்குப் போய் ஒரே ஒரு பொருள்தான் வாங்குவேன் என்று அடம்பிடித்தால் இந்த எண்ணெயை வாங்குங்கள். கொச்சுஜாங்கூட அப்புறம்தான். அதுவும் கிடைக்காத ஊர் என்றால், வெள்ளை எள்ளைப் பொன்னிறத்துக்குக் கொஞ்சம் மேலேயே வறுத்து, அம்மியில் ஒன்றிரண்டாக நுணுக்கி, நல்லெண்ணெயில் குழைத்து வைத்துக்கொள்ளலாம். நான் பல தடவை அப்படி ஒப்பேற்றியிருக்கிறேன். பெரிதாகக் குறை தெரியாது.

சோறும் எண்ணெயும் கைவசம் வந்துவிட்டால் நாமுல். காய்கறியை லேசாக வேகவைத்துக் கையால் பிசறி வைக்கிற தொட்டுக்கைக்கு அவர்கள் வைத்திருக்கும் பொதுப்பெயர். பாலக்கீரையை எடுத்துக்கொள்வோம். நாம் பண்ணுகிற தப்பெல்லாம் கீரையை மசிகிறவரை விடுவது. இங்கே கொதிக்கிற உப்புத் தண்ணீரில் போட்டு, முப்பது எண்ணுவதற்குள் அரித்தெடுத்துப் பச்சைத்தண்ணீரில் போட வேண்டும். பிறகுதான் முக்கியமான வேலை. கை நிறைய அள்ளிப் பிழிய வேண்டும். ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி முறுக்கினால் கீரை நைந்துவிடும். ரெண்டு உள்ளங்கைக்கும் நடுவே உருண்டையாக வைத்து, அழுத்தி, திருப்பி, மறுபடி அழுத்தி. ஒரு கட்டுக் கீரை கடைசியில் எலுமிச்சம்பழ அளவுக்குச் சுருங்கி நிற்கும். அதை ரெண்டு வெட்டு வெட்டி, உதிர்த்து, நசுக்கிய பூண்டு கால் பல், உப்போ சோயா சாஸோ கொஞ்சம், வறுத்த எள்ளெண்ணெய், எள். விரல் நுனியால் பிசறவும். கரண்டி போடாதீர்கள், கரண்டிக்குக் கீரையைப் பிரிக்கத் தெரியாது. தண்ணீர் மிச்சம் இருந்தால் பத்து நிமிஷத்தில் தட்டில் குளம் கட்டிவிடும், உப்பும் எண்ணெயும் அதோடு போய்விடும். அதனால்தான் பிழிகிறதைப் பற்றி இவ்வளவு நீட்டி முழக்குகிறேன்.

முருங்கைக்கீரை இதற்கு ஒத்துவராது. சிறுகீரை பரவாயில்லை. தண்டுக்கீரைத் தளிர் நன்றாகவே வரும். கேரட், முள்ளங்கி, சீமைச் சுரைக்காய் எல்லாம் தீக்குச்சி கனத்துக்கு நறுக்கி லேசாக வதக்கினால் போதும். முளைப்பயறுதான் கொஞ்சம் மெனக்கெட வைக்கும். நாம் முளைகட்டுவது அரை அங்குலத்தில் நின்றுவிடுகிறது. அவர்களுக்கு விரல் நீளத்துக்கு வெள்ளையாக வேண்டும். வெளிச்சம் பட்டால் பச்சையாகிவிடும். அடியில் ஓட்டை உள்ள பாத்திரத்தில் பயறைப் பரப்பி, கறுப்புத் துணியால் மூடி, ஒரு நாளைக்கு நாலைந்து தடவை தண்ணீர் ஊற்றி வடியவிட்டால் சென்னை வெக்கையில் மூன்று நாலு நாளில் வளர்ந்துவிடும். இந்த வேலையை அம்மாவிடம் ஒப்படைத்தேன். முளைப்பாரி போட்டுப் பழகிய கை. என்னைவிட நன்றாக வளர்க்கிறார்.

மூன்று நாலு நாமுல் சேர்ந்துவிட்டால் பிபிம்பாப் தானாக வந்துவிடும். அகலமான கிண்ணத்தில் சோறு, மேலே வட்டமாகக் காய்கள், நடுவில் ஒரு ஆஃபாயில், அம்மாவுக்கு அந்த இடத்தில் காளான். பிறகு எல்லாவற்றையும் சேர்த்துக் கிளறிவிட வேண்டும். மகள் படமெடுக்கிறவரை பொறுத்துக்கொள்கிறோம். கொரியர்கள் ஸ்பூனால்தான் கிளறுவார்கள். எங்கள் வீட்டில் கையால் பிசைவதற்குத் தடையில்லை.

கிம்ச்சிக்கு வருகிறேன். இது நிறையப் பேரை மிரட்டுகிற விஷயம். ஆனால் வடு மாங்காயும் நார்த்தங்காயும் போட்ட கைக்கு இதில் மிரள ஒன்றுமில்லை. நீளமான சைனா கோஸ் இப்போது சென்னையில் பெரிய காய்கறிக் கடைகளிலேயே கிடைக்கிறது. நாலாகப் பிளந்து, இலைக்கு இலை கல்லுப்புத் தூவி ஊறவிட வேண்டும். அதிலும் அடித்தண்டுப் பக்கம் தாராளமாக, நுனி இலைக்குப் பேருக்கு. கொரியாவில் இதற்குச் சிலாக்கியமாகச் சொல்வது, தென்மேற்கே சினான் பக்கத்து உப்பளங்களில் கடல்நீரை வெயிலில் காயவைத்து எடுக்கிற பரல் உப்பு. தூத்துக்குடியிலும் வெயிலில் காயவைத்துத்தான் எடுக்கிறோம், ஆகவே கல்லுப்பு விஷயத்தில் நமக்குக் குறையில்லை. எவ்வளவு நேரம் ஊறணும் என்று கடிகாரத்தைப் பார்ப்பது வேலைக்காகாது. தண்டை எடுத்து வளைத்துப் பாருங்கள். ஒடியாமல் வளைந்து மடங்கினால் பதம். பிறகு மூன்று தடவை அலசி, கவிழ்த்து வைத்துத் தண்ணீரை வடியவிட வேண்டும்.

மசாலாவுக்குப் புழுக்கலரிசி மாவோ கவுனி மாவோ ரெண்டு ஸ்பூன் போட்டுக் கஞ்சி காய்ச்சி ஆறவிடுங்கள். பூண்டு, இஞ்சி, அரை பேரிக்காய் சேர்த்து அரைத்து அதில் கலக்க வேண்டும். அப்புறம் மிளகாய். கொச்சுகாரு என்கிற அவர்கள் மிளகாய்த்தூள் மாவாக இருக்காது. விதை நீக்கி, கொரகொரவென்று திரித்தது. நிறம் அதிகம், காரம் கம்மி. நம் குண்டு மிளகாயோ சம்பா மிளகாயோ போட்டால் கிம்ச்சி ஆகாது, தண்டனைதான் ஆகும். காஷ்மீர் மிளகாயை வெயிலில் காயவைத்து, விதையை உதறி, மிக்ஸியில் நிறுத்தி நிறுத்தி ஓட்டினால் கிட்டத்தட்ட வந்துவிடும். மீன் சாஸ், குட்டி இறாலை உப்பில் ஊறவைத்தது ரெண்டும் அவர்கள் முறை. முள்ளங்கிக் கீற்று, வெங்காயத்தாள் சேர்த்துப் பிசறி, கோஸ் இலைகளுக்கு நடுவே பூசி, ஜாடியில் காற்றுப் புகாமல் அழுத்தி வைக்க வேண்டியதுதான்.

மிச்சத்தை நுண்ணுயிர் பார்த்துக்கொள்ளும். தோசைமாவைப் புளிக்கவைக்கிற அதே லாக்டிக் அமில வகையறா. ஆனால் இணையத்தில் இருக்கிற குறிப்பில் "வெளியே ரெண்டு நாள் வையுங்கள்" என்று இருக்கும். அது அவர்கள் ஊர்க் குளிருக்கு. சித்திரை வைகாசியில் எங்கள் அடுப்படியில் காலையில் வைத்தால் சாயங்காலமே குமிழ் வர ஆரம்பித்துவிடும். அப்போதே ஃபிரிட்ஜுக்குள் தள்ளிவிட வேண்டும். கார்த்திகை மார்கழியில் ஒரு நாள் முழுசாக விடலாம். கொரியாவில் குளிர்காலத்துக்கு முன்னால் ஊரே கூடிப் பெருமளவில் கிம்ச்சி போடுகிற கிம்ஜாங் என்ற வழக்கம் உண்டு. 2013-ல் யுனெஸ்கோ அதைப் பண்பாட்டு மரபாகப் பட்டியலில் சேர்த்தது. 2015-ல் வட கொரியாவின் கிம்ச்சி மரபையும் சேர்த்தார்கள். பழைய காலத்தில் பெரிய மண்ஜாடியைத் தோட்டத்தில் புதைத்துவைப்பார்கள், மண்ணுக்குள் குளிர் ஒரே சீராக இருக்கும் என்று. அடுக்குமாடிக்குப் போன பிறகு எங்கே புதைப்பது? அதற்காகவே தனி ஃபிரிட்ஜ் வந்தது. 1995-ல் திம்சே என்ற பெயரில் அதைக் கொண்டுவந்து வீட்டுக்கு வீடு பரப்பியது மாண்டோ மெஷினரி, கார் உதிரிபாகம் செய்கிற கம்பெனி. இருங்காட்டுக்கோட்டை ஆட்களுக்கு மாண்டோ என்ற போர்டு பழக்கமானதுதான். பிரேக் செய்கிறவர்கள் என்றுதான் எங்களுக்குத் தெரியும். ஊறுகாய்ப் பெட்டியும் செய்தார்கள் என்பதைக் கேட்டபோது எங்கள் ஷிஃப்டே சிரித்தது.

மிளகாய் இல்லாத கிம்ச்சியும் உண்டு என்பதை அம்மாவுக்காகத்தான் தேடிக் கண்டுபிடித்தேன். வெள்ளைக் கிம்ச்சி என்றே சொல்கிறார்கள். அதே கோஸ், அதே உப்பு, பேரிக்காய், இஞ்சி, நிறைய உப்புத்தண்ணீர். ஜில்லென்று புளிப்பாக, நீராகாரத்துக்கு ஒன்றுவிட்ட சொந்தம் மாதிரி இருக்கும். யோசித்துப் பார்த்தால் மிளகாய் நமக்கும் அவர்களுக்கும் வந்தேறிதான், அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. அங்கே 16-ஆம் நூற்றாண்டின் கடைசிவாக்கில் வந்தது என்பது பரவலான கருத்து. அதற்கு முன்னாலும் உப்பில் ஊறவைத்துச் சாப்பிட்டுக்கொண்டுதானே இருந்திருக்கிறார்கள்!

சூப்புக்கு வேண்டிய கொரிய ரகசியம் காசிமேட்டில் கிடைக்கிறது: நெத்திலிக் கருவாடு. அவர்களுடையது வேகவைத்துக் காயவைத்தது, நம்முடையது அப்படியே வெயிலில் காய்ந்தது. உப்புப் போடாத கருவாடாகப் பார்த்து வாங்கி, தலையையும் குடலையும் கிள்ளி எறிந்துவிட்டு, வெறும் சட்டியில் வாசம் வர வறுத்து, தண்ணீர் விட்டுப் பத்துப் பதினைந்து நிமிஷம் கொதிக்கவிட்டு வடிகட்டினால் போதும். தலையைக் கிள்ள சோம்பல்பட்டால் கசக்கும். அந்தத் தண்ணீரில் முள்ளங்கி வில்லை, டோஃபு, ஒரு கரண்டி தோயன்ஜாங் கரைத்தால் அவர்களுடைய தினசரிக் குழம்பு ரெடி. தோயன்ஜாங் என்பது சோயாவைப் புளிக்கவைத்த கெட்டி விழுது. அதன் வாசத்தைப் பற்றி என் மனைவி சொன்னதை இங்கே எழுத முடியாது. கொதித்து அடங்கிய பிறகு ஒன்றும் தெரியாது. கொதிக்கும்போது மட்டும் ஜன்னலைத் திறந்துவையுங்கள்.

கடற்பாசி சூப்தான் எங்கள் வீட்டில் எடுபடவில்லை. கொரியாவில் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுப்பார்கள், பிறந்தநாள் காலையில் எல்லாரும் சாப்பிடுவார்கள். மகளே ரெண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "பர்த்டேக்கு கேசரியே போதும்பா" என்று கிண்ணத்தை நகர்த்திவிட்டாள். இத்தனைக்கும் ராமநாதபுரம் கரையில் பெண்கள் கடலில் மூழ்கிப் பாசி எடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அது ஆலைக்குப் போய், அகர் அகராக வேறு வடிவத்தில் திரும்புகிறது. நோன்புக் காலத்தில் முஸ்லிம் வீடுகளில் பால் விட்டுக் கடல்பாசி காய்ச்சுவார்களே, நாம் விரும்பிச் சாப்பிடுகிற பாசி அது ஒன்றுதான்.

புரட்டாசி வந்தால் இந்த நெத்திலி, மீன் சாஸ் வியாபாரமெல்லாம் மூடப்படும். அப்போது கைகொடுப்பது கொரியப் புத்த மடங்களின் சமையல். அதில் மாமிசம் கிடையாது என்பது மட்டுமில்லை. பூண்டு, வெங்காயத்தாள் என்று வெங்காயக் குடும்பமே விலக்கு. தியானத்துக்கு ஆகாது என்கிறார்கள். பெக்யாங்சா மடத்தைச் சேர்ந்த ஜோங் க்வான் என்ற பெண் துறவியை 2017-ல் 'செஃப்ஸ் டேபிள்' தொடரில் காட்டிய பிறகு உலகம் முழுக்கத் தெரிந்துவிட்டது. பூண்டு இல்லாமல் என்னடா கொரியச் சமையல் என்று நினைத்தவன் நான். உலர்ந்த ஷிடாகே காளானையும் ஒரு துண்டு கெல்ப் பாசியையும் ராத்திரியே தண்ணீரில் போட்டு வைத்தால், காலையில் கிடைக்கிற அந்தப் பழுப்புத் தண்ணீருக்கு ஒரு அடி ஆழம் இருக்கிறது. அதை ஊற்றிப் பூசணி, டோஃபு போட்டு வைத்தால் அம்மா விரதத்துக்கு ஏற்றது என்று ஒப்புக்கொள்கிறார். பாசி போட்டதை நான் விவரமாகச் சொல்வதில்லை. செடிதானே.

தொக்பொக்கியைக் கிண்டல் செய்துவிட்டு அதைச் செய்யாமல் விட்டேன் என்று நினைக்காதீர்கள். மகள் விடுவாளா? அதில் போடுகிற அரிசிக் குழலைப் பாக்கெட்டில் வாங்கலாம். ஆனால் கொழுக்கட்டை மாவு பிசைகிற வீட்டில் அதை வாங்குவது எனக்கு மானக்கேடாகப் பட்டது. உப்பும் துளி எண்ணெயும் போட்டுக் கொதித்த தண்ணீரை மாவில் ஊற்றிக் கிளறுகிறவரை அம்மிணிக் கொழுக்கட்டைதான். அங்கிருந்துதான் பிரிகிறது. விரல் கனத்துக்கு உருட்டி, ஆவியில் வேகவைத்து, வெந்ததை எடுத்துச் சூடு பொறுக்கும்போதே மறுபடி போட்டுப் பிசைய வேண்டும். கொரியாவில் மரச்சுத்தியலால் அடிப்பார்கள். அந்த ரெண்டாவது பிசைதலில்தான் ரப்பர் மாதிரி இழுக்கிற மெல்லும் தன்மை வருகிறது. நம் நீளரிசி மாவு ஆறினால் விறைத்துவிடும். அதனால் கால் பங்கு மரவள்ளி மாவு சேர்க்கிறேன். பிசைந்ததை மீண்டும் குழலாக்கி, வறுத்த எள்ளெண்ணெய் தடவி, அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். இந்த வேலையில் அம்மாவின் கை என் கையை மூன்று சுற்று முந்திவிடுகிறது.

காரச் சமாச்சாரத்தில் அவருக்கு என்ன பங்கு என்று கேட்கலாம். சிவப்புத் தொக்பொக்கிக்கு வயசு அதிகமில்லை. சியோலில் சிந்தாங்-தோங் என்ற இடத்தில் மா போக்-ரிம் என்ற பெண்மணி 1953-ல் தொடங்கியது என்று சொல்வார்கள். அதற்கு முன்பே அரண்மனைச் சமையலில் இருந்தது, சோயா சாஸ், காளான், கேரட் போட்டுப் புரட்டுகிற வகை. மிளகாய் கிடையாது. ஆகவே ஒரு மாவு, ரெண்டு வாணலி. தட்டில் காரம் என்ற என் சட்டம் மீறப்படுவது இந்த ஒரு இடத்தில்தான், கொச்சுஜாங் கூடவே கொதித்தால்தான் அந்தக் குழலுக்கு ருசி ஏறும்.

கொரியாவை விட்டு வெளியே வந்தால், தாய்லாந்துக் கறி நமக்கு ரொம்பச் சுலபம். தேங்காய்ப்பால் பிழியத் தெரிந்தவர்களுக்குச் சொல்ல என்ன இருக்கிறது. எலுமிச்சைப்புல்லைத் தொட்டியில் வைத்தால் காடாக வளரும். இஞ்சிக்குப் பதில் அவர்கள் போடுவது பச்சைப் பேரரத்தை. நாட்டு மருந்துக்கடைக் காய்ந்த சரக்கு அந்த வாசத்தைத் தராது. கொத்தமல்லியின் வேரைத் தூக்கி எறியாதீர்கள், பச்சைக் கறி விழுதுக்கு உயிரே அதுதான். அவர்கள் ஊர் எலுமிச்சை இலைக்குப் பதில் நான் நார்த்தை இலை போடுகிறேன். வாசம் வேறு, ஆனால் தப்பில்லை. தாய்லாந்துக்காரர் பார்த்தால் சண்டைக்கு வரலாம்.

ஜப்பான் கறிச் சோறு அம்மாவின் செல்லம். இனிப்பு தூக்கலாக, காரம் இல்லாமல், உருளைக்கிழங்கும் கேரட்டுமாகக் கெட்டியாக இருக்கும். அது ஆங்கிலேயர் வழியாக மெய்ஜி காலத்தில் ஜப்பானுக்குப் போய்ச் சேர்ந்த நம் குழம்பின் பேரப்பிள்ளை. அதை ருசித்த ராஷ் பிஹாரி போஸுக்கு அது கறியாகவே படவில்லையாக்கும். 1915-ல் ஆங்கிலேயரிடமிருந்து தப்பி ஜப்பான் போன புரட்சிக்காரர். டோக்கியோ ஷிஞ்ஜுகுவில் நாகமுராயா என்ற ரொட்டிக் கடை நடத்திய சோமா குடும்பம் அவரை ஒளித்துவைத்தது. அந்த வீட்டுப் பெண் தோஷிகோவையே கல்யாணமும் செய்துகொண்டார். 1927-ல் அந்தக் கடையில் எலும்போடு கோழி போட்ட அசல் இந்தியக் கறியை அறிமுகப்படுத்தினார். இன்றைக்கும் அங்கே அது விற்பனையில் இருக்கிறது.

அத்தோவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, 1960-களில் பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் கொண்டுவந்த அந்த நூடுல்ஸைப் பாரிமுனையில் நின்று சாப்பிடுவதுதான் மரியாதை. வீட்டில் செய்தால் அந்தப் புகை வருவதில்லை.

மழை நாளில் என்ன செய்வது என்பதோடு முடிக்கிறேன். ஜாடியில் அடியில் கிடக்கிற கிம்ச்சி ரொம்பப் புளித்து, தொட்டுக்க முடியாத நிலைக்கு வந்திருக்கும். தூக்கிப் போடாதீர்கள். பொடியாக நறுக்கி, அதன் சாறையும் விட்டு, மைதா ரெண்டு பங்கு, அரிசிமாவு ஒரு பங்கு, ஐஸ் தண்ணீர் விட்டு அடைமாவைவிடக் கொஞ்சம் இளக்கமாகக் கரையுங்கள். இரும்பு தோசைக்கல் நன்றாகக் காயட்டும். நான்ஸ்டிக் வேண்டாம், அதில் நிறம் வராது. எண்ணெய் தாராளமாக விட்டு மெல்லிசாகப் பரப்பி, ஓரம் பழுக்கிறவரை கை வைக்காமல் விட்டுத் திருப்ப வேண்டும். கொரியாவில் மழை பெய்தால் இதைத்தான் தேடுவார்கள். தொட்டுக்க சோயா சாஸும் வினிகரும் சரிபாதி. என் மனைவி இதற்கு மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும்தான் சரி என்கிறாள். தொட்டுப் பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கிறது.